யாருடைய வலிக்கு மருந்து?

பிறந்து ஆறு மாதம் ஆகும் தறுவாயில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ் ஈற்றின் நடுவில் நொய்யரிசி போல ஒரு வெண்மை தோன்றுகிறது. சிலருக்கு நான்காம் மாதத்திலேயே தோன்றும். சிலருக்கு ஓராண்டு நிறைந்த பின்னும் தோன்றாது. அதிலிருந்து ஏறக்குறைய மூன்று வயதுக்குள் இருபது பால் பற்களும் முளைத்துவிடுகின்றன. இயற்கையின் கணக்கில் இது மிகச் சாதாரணமான நிகழ்ச்சி. ஆனால் முதல் குழந்தையைப் பெற்றெடுத்த தாய் தந்தையருக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. குழந்தை எச்சில் வடிக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறது. நள்ளிரவில் வீறிட்டு அழுகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. போதாக்குறைக்கு, அதே மாதங்களில்தான் சளி, இருமல், இளஞ்சூடு, வயிற்றுப்போக்கு ஆகியவையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன.

துன்பத்தைப் பற்றி நம் நாட்டுத் தத்துவ நூல்கள் மிகுதியாகப் பேசியிருக்கின்றன. மூப்பு, பிணி, சாக்காடு என்று அவை எடுத்துக்கொள்வன பெருந்துன்பங்கள். ஈறு வலியை அந்தப் பட்டியலில் சேர்க்க நமக்கே கூச்சமாக இருக்கும். எனினும் இந்தச் சிறு துன்பம் எழுப்பும் கேள்வி சிறியதன்று. தன் வலியைச் சொல்ல இயலாத ஓர் உயிர் நம் மடியில் கிடந்து அழுகிறது. அந்த வலியை முழுவதுமாகப் போக்க நம்மிடம் வழியில்லை. அப்போது நாம் செய்ய வேண்டியது என்ன? ஏதேனும் ஒன்றைச் செய்வதா, செய்யாமல் அருகிருப்பதா?

சற்று ஊன்றிப் பார்த்தால், அந்த இரவில் அந்த அறையில் இருப்பது ஒரு வலியல்ல, இரண்டு வலிகள் என்பது புலப்படும். ஒன்று குழந்தையின் ஈற்றில் இருக்கிறது. மற்றொன்று அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரின் நெஞ்சில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒரே நேரத்தில் அடங்குகின்றன. ஆகவே இரண்டையும் ஒன்றென்றே மனம் எண்ணிக்கொள்கிறது. குழந்தையின் அழுகை நின்றால் அதன் வலி நின்றது என்று நாம் முடிவு கட்டுகிறோம். உண்மையில் நின்றது நமது வலியாகவும் இருக்கலாம். குழந்தைக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்கும் மருந்து, பல நேரங்களில், நமது தவிப்புக்கு நாமே எடுத்துக்கொள்ளும் மருந்து. அதைக் குடிப்பது மட்டும் குழந்தை.

இது கடுமையான கூற்று என்று சிலருக்குத் தோன்றலாம். பிள்ளையிடம் அன்பில்லாதவர்களா பெற்றோர் என்று கேட்கலாம். அன்பு இருப்பதனால்தான் இந்த மயக்கம் நேர்கிறது. அயலார் குழந்தை அழுதால் நாம் இத்தனை அவசரப்படுவதில்லையே!

கடந்த காலத்தைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். அமெரிக்காவில் 1849 முதல், பல் முளைக்கும் குழந்தைகளின் வேதனையைத் தணிக்கும் என்ற விளம்பரத்தோடு ஓர் இனிப்புப் பானகம் விற்கப்பட்டது. அதைக் கொடுத்த சிறிது நேரத்தில் குழந்தை உறங்கிவிடும். அதிலிருந்த பொருள் மார்ஃபின். உறங்கிய குழந்தைகளில் சில மீண்டும் விழிக்கவில்லை. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் வைத்துக் கண்டித்தது. இங்கிலாந்தில் பாதரச உப்பு கலந்த பல் முளைப்புப் பொடிகள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தன. கை கால்கள் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, இரவும் பகலும் குழந்தை வேதனைப்படும் ஒரு நோய் அந்நாட்களில் பரவலாக இருந்தது. அதன் காரணம் பாதரசமே என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வந்தது 1940-களின் இறுதியில்தான். 1954-இல் பொடிகளிலிருந்து பாதரசம் விலக்கப்பட்டது. நோயும் சில ஆண்டுகளில் ஏறக்குறைய மறைந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய்மார், அழுகை அதிகமாகிறதே என்று அதே பொடியை இன்னும் ஒரு சிட்டிகை கூட்டிக் கொடுத்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

நம் நாடும் இதற்கு விலக்கல்ல. பம்பாய் நகரின் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளுக்கு அபினி கலந்த சிறு மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஆலைக்குச் செல்லும் வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் ‘பால கோலி’. 1920-களில் அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்த மருத்துவர்கள் இந்த வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். இங்கே நாம் நிதானமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒற்றை அறையில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், சங்கு ஊதியதும் ஆலைக்குள் நுழையாவிட்டால் கூலி போய்விடும் என்ற நிலையில் இருந்த தாயை இரக்கமற்றவள் என்று யார் சொல்ல முடியும்? அவளுடைய வலிக்குப் பெயர் பசி. அதற்கான மருந்து குழந்தையின் வாயில் வைக்கப்பட்டது. 1929-இல் பம்பாய் மாகாணம் பேறுகாலப் பயன் சட்டத்தை இயற்றியபோது, அந்தத் துன்பத்தின் மூலத்தைத் தொடும் முயற்சி ஒன்று தொடங்கியது எனலாம்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா மாவட்டத்தில், வெறும் சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கப்பட்ட இருமல் மருந்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருள் அதில் கலந்திருந்தது, சிறுநீரகங்கள் செயலிழந்தன. அந்தப் பெற்றோரிடம் எந்தக் குற்றமும் இல்லை. மருந்து என்று நம்பி வாங்கினார்கள். குற்றம் அதைத் தயாரித்தவர்களிடமும், தயாரிப்பைக் கண்காணிக்கத் தவறியவர்களிடமும் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் வெளியிட்ட அறிவுரையை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நலம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரவோ கொடுக்கவோ கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதன்று என்கிறது அது. குழந்தைகளின் சளி பெரும்பாலும் தானே தணியும் என்பதே காரணம். நச்சுக் கலப்பில்லாத மருந்துக்கும் இந்த அறிவுரை பொருந்தும். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக அந்தப் பாட்டில்கள் யாருக்காக விற்பனையாயின?

ஈறுகளில் தடவும் களிம்புகளைப் பற்றியும் ஒரு சொல். பென்சோகெய்ன் என்னும் மரத்துப்போகச் செய்யும் பொருள் கலந்த களிம்புகளை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாதென 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அரிதாகவே நேரும் என்றாலும், இரத்தத்தின் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலையே அது குறைத்துவிடக் கூடும். அதுவும் தடவிய களிம்பு எச்சிலோடு சில நிமிடங்களில் வழிந்து போய்விடும், பயனும் நிலைப்பதில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே அறம்’ என்று யாரேனும் முடிவு கட்டினால், அது முன்னதைவிடப் பெரிய ஆபத்து. ‘பல் முளைக்கிறது, அதனால்தான்’ என்ற ஒரு வாக்கியம் நம் வீடுகளில் எதற்கும் விடையாகப் பயன்படுகிறது. காய்ச்சலா? பல். வயிற்றுப்போக்கா? பல். பால் குடிக்கவில்லையா? அதுவும் பல். சொல்பவருக்கு அது ஆறுதல் தருகிறது. இதுவும் பெற்றோரின் தவிப்புக்கான மருந்துதான். இம்முறை மருந்தின் பெயர் ஒரு விளக்கம்.

1839-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் இறப்புப் பதிவேட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்துக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்று எழுதப்பட்டது. பல் முளைத்து எந்தக் குழந்தையும் இறப்பதில்லை. பல் முளைக்கும் பருவத்தில் வந்த வேறு நோய்களால் அவை இறந்தன. ஆறாம் மாதத்தை ஒட்டித் தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் உடலில் குறைந்துவிடுகின்றன. அப்போதுதான் அது தவழத் தொடங்குகிறது. தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கிறது. தாய்ப்பாலோடு வேறு உணவும் உண்ணத் தொடங்குகிறது. கிருமிகள் நுழையப் பல வாயில்கள் ஒரே காலத்தில் திறக்கின்றன. அதே காலத்தில் பல்லும் முளைப்பதால் பழி பல்லின் மேல் விழுகிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில் 125 குழந்தைகளைப் பெற்றோர் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதினார்கள். 475 பற்கள் முளைத்ததைப் பதிவு செய்தார்கள். எச்சில் வடிதல், கடித்தல், ஈற்றைத் தேய்த்தல், எரிச்சல், திட உணவில் விருப்பக் குறைவு, மிக இலேசான உடற்சூடு ஆகியவை பல் முளைப்பதோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. கடுங்காய்ச்சல், வாந்தி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு அந்தத் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே வெப்பமானி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ அதற்கு மேலோ காட்டினால் பல்லைக் காரணம் காட்டிச் சும்மா இருப்பது முறையாகாது. மூன்று மாதம் நிறையாத குழந்தையாயின் அந்த அளவு காய்ச்சலே மருத்துவரிடம் செல்லப் போதுமான காரணம். கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், பால் குடிக்க மறுத்தல், மூச்சு வேகமாகவோ இழுத்தோ வாங்குதல், மலத்தில் இரத்தம், எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், இவற்றில் எது கண்டாலும் விடியும்வரைகூடக் காத்திருக்கலாகாது.

வயிற்றுப்போக்கைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் நாட்டில் மிகப் பல குழந்தைகளின் உயிரைக் குடித்த நோய் அது. 1971-இல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் நகரில் அகதிகள் நடுவே காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோகும் நிலை வந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடாவும் உரிய அளவில் கலந்த கரைசலைப் பெரிய கலங்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து, தொடர்ந்து புகட்டச் சொன்னார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் பொட்டலம் அந்தக் கரைசலின் வழித்தோன்றல்தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் அதனோடு சில நாட்களுக்குத் துத்தநாக மருந்தையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தன. மஹலனாபிஸ் 2022-இல் மறைந்தார். அவருக்குப் பத்ம விபூஷண் விருது மறுஆண்டு அறிவிக்கப்பட்டது.

அந்த முகாமில் நடந்ததை நம் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள். கரைசலைப் புகட்டினால் வயிற்றுப்போக்கு உடனே நிற்பதில்லை. குழந்தை சிரிக்கத் தொடங்குவதும் இல்லை. ஒரு கரண்டி புகட்டினால் சில வேளை வாந்தியெடுக்கும். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் புகட்ட வேண்டும். பெற்றோரின் தவிப்புக்கு அதில் உடனடிப் பயன் எதுவும் இல்லை. குழந்தையின் உயிருக்கு மட்டுமே அதில் பயன் இருக்கிறது. மயக்கும் மருந்துக்கு நேர் எதிரானது இது. அங்கே பெற்றோர் உடனே அமைதியடைகிறார்கள், குழந்தை அழிகிறது. இங்கே பெற்றோர் இரவெல்லாம் விழிக்கிறார்கள், குழந்தை பிழைக்கிறது.

நம் முன்னோர் இதைப் பற்றி என்ன சொன்னார்கள்? வாக்பட்டர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயத்தில் குழந்தை நோய்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பல் முளைப்பதை எல்லா நோய்களுக்கும் காரணம் என்று அவரும் கருதினார். அந்தக் கருத்தை இன்று நாம் ஏற்க இயலாது. ஆனால் முதுகு முறிந்த பூனையையும் கொண்டை முளைக்கும் மயிலையும் உவமை காட்டி, பல் முளைக்கும் குழந்தைக்கு நோகாத இடமில்லை என்று உணர்ந்து எழுதியிருக்கிறார். அதைவிட வியப்பு, அதனை ஒட்டி அவர் கூறும் அறிவுரை. பல் முளைப்பதனால் வரும் தொல்லைகளுக்காகக் குழந்தையை மிகுதியாகக் கட்டுப்படுத்தி வருத்த வேண்டாம். பல் வெளிவந்ததும் அவை தாமே அடங்கிவிடும் என்கிறார். மருந்து சொல்லவே நூல் எழுதிய ஒருவர், மருத்துவம் எங்கே நிற்க வேண்டும் என்றும் சொன்னார்! (மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் இன்னும் இருக்கிறது. அந்த மாமன்மார் அனைவரும் நலமாகத்தான் இருக்கிறார்கள்.)

இதற்கு மறுபக்கமாக வேறொரு காட்சி பௌத்த நூல்களில் வருகிறது. ராஜகிருகத்தில் இளவரசன் அபயன் புத்தரைச் சந்தித்தபோது அவன் மடியில் ஒரு கைக்குழந்தை கிடந்தது. பிறர் மனம் வருந்தும்படியான சொல்லைத் தாங்கள் சொல்வீர்களா என்று அவன் வினவினான். புத்தர் திருப்பிக் கேட்டார்: கவனக்குறைவால் இந்தக் குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்? இளவரசன் தயங்கவில்லை. தலையை இடக்கையால் பற்றி, வலக்கை விரலை வளைத்து, இரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன், குழந்தையிடம் எனக்குக் கருணை உண்டு என்றான். சொல்லைப் பற்றிய உரையாடல் அது. எனினும் குழந்தை வளர்ப்புக்கும் அதைவிடச் சிறந்த உவமை கிடைப்பது அரிது. கல்லை எடுக்கும்போது குழந்தை அழும். அபயன் அந்த அழுகையைப் பொருட்படுத்தவில்லை, அல்லது பொருட்படுத்தியும் தன் விரலை நிறுத்தவில்லை.

வாக்பட்டர் கையை விலக்கச் சொல்கிறார். அபயன் கையை உள்ளே விடுகிறான். இருவரும் பார்ப்பது குழந்தையின் வாயை. தம் மனத்தின் கலக்கத்தை அல்ல.

இங்கே பொறுமை என்ற சொல்லை நாம் கவனமாகக் கையாள வேண்டும். வெப்பமும் குளிரும் இன்பமும் துன்பமும் வந்து போகும் இயல்பின. அவற்றைத் தாங்கிக்கொள் என்று அர்ஜுனனுக்குச் சொல்லப்பட்டது. அந்தத் தாங்கும் ஆற்றலுக்குத் திதிக்ஷை என்று பெயர். ஆனால் அது எப்போதும் தன்மைக்குரிய அறம். தன் வலியைத் தாங்குவது திதிக்ஷை. பிறர் வலியை அவர் சார்பில் நான் ‘தாங்கிக்கொள்வது’ திதிக்ஷையன்று, அது அலட்சியம். காய்ச்சலில் துவளும் குழந்தையைப் பார்த்து ‘எல்லாம் வந்து போகும்’ என்று சொல்லும் தந்தை தத்துவம் பேசவில்லை. அதே தந்தை, மருத்துவர் பார்த்து அச்சமில்லை என்று சொன்ன பிறகு, நள்ளிரவில் தன் தூக்கமும் நிம்மதியும் கெடுவதை முகம் சுளிக்காமல் ஏற்றால், அது திதிக்ஷை. குழந்தையின் வலிக்கு வேண்டியதைச் செய்வதும், தன் வலியைச் செய்யாமல் விடுவதும் ஒரே இரவில், ஒரே மனிதரால் நடைபெற வேண்டியிருக்கிறது. மிகக் கடினம்தான்.

கடினத்தை மிகுவிப்பது தனிமை. கூட்டுக் குடும்பத்தில் குழந்தையின் அழுகை பல காதுகளுக்குப் பங்கிடப்பட்டது. பாட்டிக்கு அது பத்தாவது குழந்தை, அவள் கலங்குவதில்லை. இன்று புணேயிலோ பெங்களூரிலோ குருகிராமிலோ நான்காம் மாடியில் இருவர் மட்டும் வாழும் வீட்டில் முழு அழுகையும் இருவர் மேல் விழுகிறது. பெரும்பாலும் ஒருத்தியின் மேல். 2017-இல் மகப்பேறு விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் 26 வாரம் என்பது ஆறு மாதம். பிரசவத்துக்கு முன்பே சில வாரங்களை எடுத்தவர்களுக்கு இன்னும் குறைவு. முதல் பல் எட்டிப் பார்க்கும் நாளும் தாய் வேலைக்குத் திரும்பும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன. வயலிலும் கட்டடப் பணியிலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் எண்ணற்ற தாய்மாருக்கோ இந்த விடுப்பே எட்டாக் கனி. பம்பாயின் அந்தத் தாய்க்கும் இவர்களுக்கும் இடையே நாம் நினைக்கும் அளவு தொலைவில்லை.

ஆகவே அத்தகைய வீட்டுக்குச் செல்லும் உறவினரும் அண்டை வீட்டாரும் செய்யத்தக்க உதவி ஒன்று உண்டு. ‘நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை, எட்டு முறை சளி பிடிப்பது இளங்குழந்தைகளுக்கு வழக்கமான ஒன்று. ஒவ்வொரு சளிக்கும் தாயை விசாரணைக் கூண்டில் ஏற்றினால், அடுத்த முறை அவள் தன் குற்றவுணர்ச்சிக்கு மருந்து தேடி மருந்துக் கடைக்குத்தான் ஓடுவாள். மாமியார் சொல்லும் கை வைத்தியமா, மருமகள் கைப்பேசியில் படித்த அறிவுரையா என்ற வழக்கும் வேண்டாம். இரண்டையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: இது குழந்தையின் ஈற்றுக்கா, நம் மனத்துக்கா?

ஈற்றுக்கென்று செய்யக் கூடியவை சிலவே, எளியவை. நன்றாகக் கழுவிய விரலால் ஈற்றை மெல்லத் தேய்த்துவிடலாம். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். கெட்டியான ரப்பர் வளையத்தைக் குளிரச் செய்து தரலாம். உறைய வைக்கக் கூடாது. கழுத்தில் மணியோ கயிறோ கட்டாதிருப்பது நல்லது, தூக்கத்தில் இறுக்கும். வழியும் எச்சிலால் முகவாய் புண்ணாகாமல் துடைத்துவிட வேண்டும். வலி மிகுந்த இரவில் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில் பாரசிட்டமால் தரலாம். அளவை மதிப்பிடச் சமையலறைக் கரண்டியைப் பயன்படுத்தலாகாது.

எஞ்சிய நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இராது. தாய் காலை ஏழு மணிக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அவள் இரண்டு மணி நேரமாவது உறங்கட்டும் என்று தந்தை குழந்தையை வாங்கிக்கொள்கிறார். விளக்கைத் தணித்துவிட்டுக் கூடத்தில் மேலும் கீழுமாக நடக்கிறார். குழந்தை சிறிது அழுகிறது, சிறிது விசும்புகிறது, பிறகு அவருடைய சுண்டுவிரலை இரு கைகளாலும் பற்றி வாய்க்குள் இழுத்துக் கடிக்கிறது. நேற்றுவரை மென்மையாக இருந்த ஈற்றில் இன்று ஏதோ ஒரு கூர் தட்டுப்படுகிறது.